பொங்கலுக்கு அப்புறம் வராத பிள்ளைகள்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதில் ஆசிரியையாகச் சேர்ந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. ஊர், காலனி, ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பு என்று மூன்று பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஜூன், ஜூலையில் சேர்க்கை முடித்துப் பார்த்தால் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். பொங்கல் லீவு முடிந்து திறக்கும்போது வகுப்புக்கு நாலைந்து இடம் காலியாகக் கிடக்கும். கேட்டால் பக்கத்துப் பிள்ளை சொல்லும்: "சேம்பருக்குப் போயிட்டாங்க டீச்சர்."

எங்கள் பக்கத்தில் செங்கல் சூளையைச் சேம்பர் என்பார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் உள்ள சூளைகளுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு ஆனி, ஆடியில் திரும்புவார்கள். சில குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகும்.

இடைநிற்றல் பற்றி நடக்கும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, "பெத்தவங்களுக்குப் படிப்போட அருமை தெரியல" என்பார். தலைகள் ஆடும், டீ வரும், கூட்டம் முடியும். அந்தப் பெற்றோரில் பலரை நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி அறிந்தவள். மகன் கையெழுத்துப் போடுவதை அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவர்கள் அவர்கள். படிப்பின் அருமை தெரியாமல் இல்லை. அந்த வீட்டில் எந்த மாதம் யார் எங்கே இருப்பது என்பதை வாங்கிய முன்பணம் முடிவு செய்கிறது.

அது நடக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலி வேலை படுத்துவிடும். தீபாவளிச் செலவு, யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு சாவு என்று அந்த நேரத்தில் பணம் தேவைப்படும். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுப்பார். கணக்கு ஜோடிக்கு இவ்வளவு. பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி. தை பிறந்ததும் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று நடுராத்திரி எழுந்து மண் குழைப்பார்கள். பெரியவர்கள் கல் அறுப்பார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை காயும் கல்லைத் திருப்பிப் போடும். பத்து வயதுப் பெண் கைக்குழந்தையை வைத்துக்கொள்ளும். கோடை மழை விழுந்து வேலை நின்றதும் கணக்குப் பார்த்தால் மிச்சம் இருக்காது, பாக்கிதான் இருக்கும். அது அடுத்த வருஷத்துக்கு ஏறும். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கண்ணில் இதற்கு வேறு பெயர். ஊரில் "கணக்கு பாக்கி" என்பதோடு சரி.

இப்போது பள்ளிக்கூடத்துப் பக்கம் வாருங்கள். பிள்ளை மூன்றாம் பருவம் முழுதும் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போதும் இல்லை. ஜூலைக் கடைசியில் வந்து உட்கார்ந்தால் காலாண்டுத் தேர்வு நெருங்கிவிடும். ஆக வருஷத்தில் பாதிதான் பள்ளி. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கச் சொன்னால் பையன் வயிறு வலிக்கிறது என்பான். ஒன்பதாவதில் நின்றுபோனான் என்று பதிவேடு சொல்லும். அவன் நிற்கத் தொடங்கியது இரண்டாம் வகுப்பிலேயே.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தோம். 1954-இல் அது போய்விட்டது. சூளைக்குப் போகும் பிள்ளைக்கு அரைநாள் கணக்கு அரை வருஷக் கணக்காக மாறியதுதான் மிச்சம் என்று எனக்குத் தோன்றும். இதற்கு எதிராக ஊர்வலம் எதுவும் போகவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நாலாவது படித்த ஒரு பையனிடம், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றால் ஆறாயிரத்து ஐந்நூறு கல்லுக்கு எவ்வளவு என்று கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் சொன்னான். 6,500 என்று பலகையில் எழுதிக் காட்டினால் அது என்ன எண் என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் பிள்ளைகளுக்குக் கணக்கை இப்படித்தான் தொடங்க வேண்டும். வாயில் இருக்கும் கணக்கைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது. சின்ன வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்து அட்டைகள் 2022-இல் வந்தபோது இந்த வேலைக்கு ரொம்ப உதவின. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கென்று அவை வந்தன. நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எடுத்தேன், மற்றவர்கள் பார்க்காத நேரத்தில். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பெரிய புத்தகம் வைத்திருக்கும்போது தன் கையில் சின்னப் பிள்ளைகளின் அட்டை இருந்தால் அவன் மறுநாள் வரமாட்டான்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நான்கு பிள்ளைகள். மூத்தவள் ஏழாம் வகுப்பு, நன்றாகப் படிப்பாள். கடைசி கைக்குழந்தை. மார்கழியில் அந்த வீட்டுக்குப் போய், பெரியவளை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள், ஆயா பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அந்த அம்மா சொன்னது: "இவ வரலன்னா சின்னதை யார் டீச்சர் பார்ப்பா? அதை இடுப்புல வச்சுக்கிட்டுக் கல்லு அறுக்க முடியுமா?"

மூத்த பெண்ணின் படிப்பு கைக்குழந்தையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மா நடவுக்குப் போக, தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அக்கா எட்டாவதோடு நின்றாள், நான் படித்தேன். அக்காவுக்கு என்னைவிட அறிவு அதிகம் என்று அம்மாவே சொல்வார். ஒரே குடும்பத்தில், ஒரே வருமானத்தில், எத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தோம் என்பதும் படிப்பை முடிவு செய்கிறது. மூத்த பெண் நிற்பாள், கடைக்குட்டி படிப்பான்.

மறுபடி போனபோது அந்த வீட்டுக்காரரிடம் பேசினேன். ஜோடி என்றால் பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டுமா, மச்சானோடு ஜோடி சேர்ந்து போனால் மேஸ்திரி ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். அவர் யோசித்தார். மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார், முன்பணம் மட்டும் குறையும் என்றார். குறைந்த பணத்தை எப்படிச் சமாளிப்பது? ஊரில் நூறு நாள் வேலை தை முதல் நடந்தால் அந்த அம்மா அதற்குப் போகலாம். ஊராட்சித் தலைவரும் பணித்தளப் பொறுப்பாளரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தபோது இதைப் பேசி வைத்தோம். அந்த வருஷம் மூத்தவள் ஊரிலேயே இருந்து படித்தாள். அடுத்த வருஷமும். பிற்பாடு பத்தாவது தேறினாள். ஆனால் இரண்டாவது பையன் எட்டாவது முடித்ததும் அப்பாவோடு போய்விட்டான். அவனைப் பிடிக்க முடியவில்லை. இதில் எல்லாம் கூடிவருகிற வீடு அபூர்வம்.

ஆசிரியர்களுக்கு இதிலிருந்து சொல்ல நினைப்பது: கேட்க வேண்டிய நேரம் தீபாவளி முடிந்த வாரம். பொங்கல் முடிந்து கேட்டால் வண்டி போயிருக்கும். யார் வீட்டில் முன்பணம் வாங்கினார்கள் என்று பெற்றோரிடம் கேட்டால் மழுப்புவார்கள். "பொங்கலுக்கு அப்புறம் எங்கே இருப்பீங்க?" என்று பிள்ளைகளைச் சாதாரணமாகக் கேளுங்கள். ஊர் பெயர், மேஸ்திரி பெயர், கூட யார் யார் போகிறார்கள் என்பது வரை சொல்லிவிடும். அந்தப் பட்டியல் நவம்பரில் கையில் இருந்தால் டிசம்பரில் ஏதாவது செய்யலாம்.

செய்ய முடிவது மூன்று வகை. முதலாவது, பிள்ளையை ஊரிலேயே நிறுத்துவது. ஆயா இருக்கிற வீட்டில் முடியும். ஆனால் வயதானவர் காலையில் எழுந்து சோறாக்கிப் போடுவது நடக்கிற காரியம் இல்லை என்பதால் பிள்ளை பட்டினியோடு கிடக்கும், பதினொரு மணிக்கு வரும், அப்புறம் வராது. இந்த இடத்தில்தான் காலை உணவுத் திட்டம் வேலை செய்தது. 2022 செப்டம்பரில் சில இடங்களில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. ஆயாவிடம் விட்டுப்போன சின்னப் பிள்ளைகள் எட்டரை மணிக்கே வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுவதால் ஆறாவதுக்குப் போன அண்ணனுக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொல்லி சமையல் அம்மாவிடம் பிள்ளைகளே கேட்பார்கள். கொடுத்தார்களா என்று நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விடுதி. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி (2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள்), பெண்களுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி, பழங்குடியினருக்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள். இவற்றுக்கு விண்ணப்பிப்பது கல்வியாண்டின் தொடக்கத்தில். குடும்பமோ ஜனவரியில் கிளம்புகிறது. அதனால் இந்த வருஷம் போகிற பிள்ளைக்கு அடுத்த ஜூனில் இடம் பிடிக்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். தனியாக ஒரு பிள்ளையை அனுப்பினால் பத்து நாளில் அழுதுகொண்டு வந்துவிடும். சித்தி மகளோ பக்கத்து வீட்டுத் தோழியோ கூடப் போனால் தங்கும்.

மூன்றாவது, போகிற இடத்தில் பள்ளியில் சேர்ப்பது. கேட்க எளிதாக இருக்கும், நடைமுறையில் இதுதான் அதிகமாக அலைக்கழிக்கும். கிளம்பும்போது ஒரு தாளில் பிள்ளையின் பெயர், எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண்), வகுப்பு, எதுவரை படிக்கத் தெரியும், என் தொலைபேசி எண் எல்லாம் எழுதி, முத்திரை வைத்து அம்மாவிடம் கொடுப்பேன். ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில் என் கண்ணெதிரே வைக்கச் சொல்வேன். அந்தக் கவரை மட்டும் எந்த மழையிலும் தொலைக்க மாட்டார்கள்.

அங்கே போனால், சூளைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், "நடுவருஷத்துல டி.சி. இல்லாம எப்படிச் சேர்க்குறது?" என்றார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. 14-ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 15-ஆவது பிரிவு, வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்கச் சொல்கிறது. 4-ஆவது பிரிவு, வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்காரவைத்துத் தனிப்பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. பதினொரு வயதுப் பையனை இரண்டாம் வகுப்பில் தள்ளக் கூடாது. ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லி ஒரு தலைமை ஆசிரியரோடு பேச்சைத் தொடங்கினால் முகம் இறுகிவிடும். அவருடைய சங்கடமும் நிஜம்தான்: ஐந்து மாதத்தில் போய்விடும் பிள்ளை, அப்புறம் 'இடைநின்றவர்' என்று அவர் பள்ளிக் கணக்கில் ஏறும். நாங்கள் கண்டுபிடித்த வழி, இருவரும் ஒரே நேரத்தில் போனில் இருந்தபடி செய்வது. நான் எமிஸில் பிள்ளையை விடுவித்துக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப, அவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அனுப்பி அவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் பூலில் தொங்கும். ஜூலையில் இதையே திருப்பிச் செய்வோம். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்கள் இரண்டு ஒன்றியத்திலும் ஒத்துழைத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

திருவள்ளூர் பக்கம் ஒரு சூளைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையில் ஒடிய மொழி தெரிந்த ஒருவர், ஒடிய புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நல்ல ஏற்பாடு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிற்றே, பக்கத்துப் பள்ளிக்கே போகலாம் என்பது அங்கே எல்லாருடைய எண்ணம். அந்தப் பள்ளிக்குப் போக லாரி ஓடும் ரோட்டைத் தாண்டி நடக்க வேண்டும். அதனால் போகவில்லை. வெளிமாநிலத்துப் பிள்ளையை எல்லாரும் கணக்கில் எடுக்கிறார்கள், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை கண்ணில் படுவதில்லை. முதலாளியிடம் பேசி, காலையில் பால் எடுத்து வரும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிவிட ஏற்பாடு செய்தார் அந்த ஊர்த் தலைமை ஆசிரியர். சட்டம் பேசாமல் அவரிடம் டீ குடித்துக்கொண்டு பேசியதன் பலன் அது.

அடுத்து காகிதம். இருளர் வீடுகளில் பல பிள்ளைகள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ பிறந்தவை. பிறப்புச் சான்று இருக்காது. பள்ளியில் சேர்ப்பதற்கு அது தடையே இல்லை, சேர்த்துவிடலாம். கடிக்கப்போவது சாதிச் சான்று. விடுதி, உதவித்தொகை, பத்தாவதுக்கு மேல் எதற்கும் அது வேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடிவது, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகும். அங்கே விசாரணையில், அப்பா வழியில் யாராவது சான்று வாங்கியிருக்கிறார்களா என்று கேட்பார்கள். ஒருவரும் பள்ளிக்கே போகாத பரம்பரையில் யார் வாங்கியிருப்பார்கள்?

இதில் நான் கற்றது, ஒரு வகையறாவில் முதல் சான்று வாங்குவதுதான் மலை. அது கிடைத்துவிட்டால் அதைக் காட்டிச் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்று மற்றவர்கள் வாங்குவது எவ்வளவோ சுலபம். அதனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மனுப் போட்டு எல்லாம் தேங்கிக் கிடப்பதைவிட, காகிதம் ஓரளவு சரியாக இருக்கிற ஒரு வீட்டைப் பிடித்து அதை முதலில் தள்ள வேண்டும். பிள்ளை ஐந்தாவது படிக்கும்போதே. தாலுகா அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ஜமாபந்தியில் கொடுத்த மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பத்தாவது முடித்துவிட்டு ஜூன் மாதத்தில் சான்றுக்கு அலைகிற பிள்ளை, ஆகஸ்டில் ஏதாவது வேலைக்குப் போயிருக்கும்.

சின்னதாகத் தோன்றும் இன்னொரு காகிதம்: "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா." அப்பா விட்டுப்போன வீடு, அப்பா குடித்துவிட்டு எங்கோ கிடக்கும் வீடு, அப்பா இறந்த வீடு என்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். இப்படிச் சொல்லி அனுப்பிய மறுநாள் அந்தப் பிள்ளை வராது. மூன்றாம் நாளும் வராது. அம்மா கையெழுத்தே போதும், ஆயா கைநாட்டும் போதும். படிவத்தைக் கொடுக்கும்போதே "வீட்டுல யாராவது பெரியவங்ககிட்ட வாங்கிட்டு வா" என்றால் முடிந்தது.

உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும்போது "எஸ்.சி. எல்லாம் எழுந்து நில்லு" என்று சொல்கிற வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, நேரம் மிச்சம் என்று சொல்கிறார்கள். எல்லா விவரமும் எமிஸில் இருக்கும்போது எழுப்பி நிறுத்த என்ன அவசியம்? "சேம்பர் பசங்க" என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால் வகுப்பு நூறு முறை சொல்லும். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சாதியின் பேரால் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிள்ளை, அதற்கு முன்பே அவர்களுடைய தொல்லையால் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது 'பீஸ் கட்ட முடியலையா, உடம்பு சரியில்லையா' என்று மட்டும் கேட்காமல், 'யாராவது ஏதாவது சொன்னாங்களா' என்றும் கேளுங்கள். பெற்றோர் எதிரில் கேட்காதீர்கள்; சொல்ல மாட்டான்.

சேர்க்கையிலேயே நடக்கும் பிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து ஊர்த் தெருவில் நிற்கும். ஏறுவது பெரும்பாலும் பையன்கள். அவன் அக்கா எங்கள் பள்ளிக்கு நடந்து வருவாள். கடன் வாங்கி வேனில் அனுப்பிய வீட்டில் இரண்டாம் தவணைக் கட்டணம் கட்ட முடியாமல் போனால் பையனும் நடுவில் இங்கே வருவான். பாக்கி கட்டாமல் டி.சி. தரமாட்டோம் என்று அந்தப் பள்ளி பிடித்து வைக்கும். கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை வைத்து மிரட்டக் கூடாது, சேர்க்கிற பள்ளியும் அதை வற்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. அந்தப் பெற்றோருக்கு இது தெரியாது. வெட்கத்தில் பிள்ளையை இரண்டு மூன்று மாதம் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். வசதியான வீடு என்று நாமும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம்.

எட்டாவது முடிந்து ஒன்பதாவதுக்கு வேறு ஊர்ப் பள்ளி. பெண் பிள்ளைகள் அதிகம் கழன்றுகொள்ளும் இடம் இதுதான். பெரும்பாலும் அதே சமயத்தில் வயதுக்கு வந்திருப்பாள். பஸ் காலை ஏழரைக்கு ஒன்று, விட்டால் பத்துக்கு. இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பஸ் வேண்டுமே. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது ஒன்பதாவதில் வேண்டும். பதினொன்றாவது வரை போய்விட்டவள் எப்படியோ சமாளித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

நடுநிலைப் பள்ளியில் டி.சி. கொடுத்ததும் நம் கணக்கு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளியின் கணக்கு பிள்ளை போய்ச் சேர்ந்தால்தான் தொடங்கும். நடுவில் உள்ள அந்த இரண்டு மாதம் யார் பொறுப்பிலும் இல்லை. அதனால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புவதை நிறுத்தினோம். ஜூனில் ஒரு நாள் வேன் பிடித்து, எட்டாவது முடித்த எல்லாரையும், வரக்கூடிய அம்மாக்களையும் ஏற்றிக்கொண்டு போய் உயர்நிலைப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டு வருவோம். செலவு எங்கள் ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டது. பெண்கள் கூட்டமாகப் போவார்கள், கூட்டமாகப் படிப்பை நிறுத்துவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் மற்றவர்களை அழைத்துப் போகிற ஒருத்தி இருப்பாள். அவள் வீட்டில் அம்மாவோடு பேசிவைப்பது மற்ற நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பேசியது மாதிரி.

கல்யாணப் பேச்சு கிளம்புவது பெரும்பாலும் பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில். ஒரு பாடத்தில் போய்விட்டால் "படிப்பு ஏறல" என்று மாமன் வீட்டில் பேச்செடுப்பார்கள். உடனடித் துணைத் தேர்வு அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வந்துவிடும் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. எங்களிடம் படித்துப் போன பிள்ளைகளின் ரிசல்ட்டை நானே பார்த்து, தவறியவர்கள் வீட்டுக்கு அன்றைக்கே போவேன். தேர்வுக்குப் பணம் கட்டும் தேதியோடு. தேறிய வீட்டுக்கு லட்டு சாப்பிட அப்புறம் போகலாம். நிச்சயம் வரை போய்விட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவருக்கும் சொல்லலாம். சொன்னவர் பெயரை வெளியே விட மாட்டார்கள். ஆனால் கல்யாணத்தை நிறுத்தியதோடு விட்டால், இரண்டு மாதம் கழித்து வேறு ஊர்க் கோயிலில் தாலி கட்டிவிடுவார்கள். அடுத்த திங்கள்கிழமை அந்தப் பெண் எந்த வகுப்பில் உட்காருவாள், எந்த விடுதியில் தூங்குவாள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வகுப்புக்கும் சேர்த்து அரசு தரும் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, அப்புறம் ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், இவற்றை அப்பாக்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அறிவுரையைவிட நன்றாகக் கேட்கிறார்கள்.

பையன்களின் கதை வேறு. அவர்களை யாரும் நிறுத்துவதில்லை, அவர்களே நிற்கிறார்கள். முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போனால் அன்றைக்கே கையில் காசு. சென்டரிங், பெயின்ட், பந்தல் என்று ஒன்று மாற்றி ஒன்று இருக்கும். பதினைந்து வயதில் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுகிற பையனிடம் எதிர்காலம் பற்றிப் பேசினால் அவன் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போ, தேர்வு மாதத்தில் போகாதே என்று பேரம் பேசினால் சிலர் கேட்பார்கள். சட்டப்படி பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. சமையல் கான்டிராக்டரிடம் இதை ஒருமுறை சொல்லி வைப்பதில் பலன் உண்டு. மற்றபடி, பையன்கள் விஷயத்தில் என்னிடம் பெரிய வெற்றிக் கதை இல்லை.

2021-22-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம்; இந்திய அளவைவிட எவ்வளவோ மேலே. அதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெருமைதான். மீதிப் பாதி எந்த வீடுகளில் இருக்கிறது என்பது அந்தந்த ஊர் ஆசிரியருக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

நீங்கள் ஆசிரியராக இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சூளையோ, கட்டடம் கட்டும் இடமோ இருந்து, பகலில் அங்கே பிள்ளைகள் தெரிந்தால், அம்மாவையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போங்கள். தனியாக அந்த அம்மா போனால் "சாரைப் பார்க்க நாளைக்கு வா" என்பார்கள். கூட ஒருவர் நின்றால் உட்காரச் சொல்வார்கள். எந்தக் காகிதமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பள்ளி எந்த ஊர் என்று பிள்ளையிடம் கேட்டுச் சொன்னால் எமிஸ் எண்ணை அவர்களே தேடி எடுத்துக்கொள்ள முடியும். பதிவு முடிய நாலு நாள் ஆகலாம். அன்றைக்கு மதியமே பிள்ளையைச் சத்துணவுக்கு உட்காரவைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். தம்பி தங்கை இருந்தால் பக்கத்து அங்கன்வாடி எங்கே என்றும் அங்கேயே கேளுங்கள். அதைச் சேர்க்காவிட்டால் அக்காவும் வரமாட்டாள்.